‘அதே மாதிரிதானா?’ என்று கேட்டவரும் என் வலது கண்ணும்

இதை ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். பரிதாபப்பட வேண்டாம், எனக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகிறது. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுவது குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் எல்லோரையும் மன்னித்துத் தொலைத்துவிடுவேன்.

என் பெயர் ஈஸ்வரி. வயது நாற்பத்தைந்து. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. தீவனம் அரைப்பது, ஆள் பார்ப்பது, முட்டை லாரிக்கு லோடு ஏற்றுவது எல்லாம் என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவரைப் பற்றி அவ்வளவு போதும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. கோழிக்கு நாங்கள் தனித்தனியாக வைத்தியம் பார்ப்பதில்லை. ஒரு செட்டில், அதாவது ஒரு கொட்டகையில், பத்துக் கோழி தலையைத் தொங்கப் போட்டால், செத்த ஒன்றை அறுத்து ஈரலைப் படம் எடுத்துக் கால்நடை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அவர் மருந்தின் பெயரை எழுதி அனுப்புவார். தண்ணீர்த் தொட்டியில் கலந்துவிட்டால் செட்டு முழுக்கக் குடிக்கும். சீட்டு ‘மூன்றாம் செட்’ என்ற பெயரில் இருக்கும். எந்தக் கோழி என்று யாரும் கேட்பதில்லை.

இதே புத்தியை மனிதர்களுக்கும் கொண்டுவந்துவிட்டோம். வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் காட்டலாம் என்று ஒரு ஆப் வந்தது. முட்டைக் குடோனில் இருக்கும் பண்ணை போனில் அதை ஏற்றினோம். பெயர் ஈஸ்வரி, பெண், வயது நாற்பத்தைந்து என்று பதிந்தோம். அதன் பிறகு மாமனாரின் மூத்திரத் தொந்தரவு, வீட்டுக்காரரின் இடுப்பு வலி, செட்டில் வேலை செய்யும் ஒடிசாக்காரரின் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அதே போன், அதே பெயர். ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பதிவதற்கு யாருக்கு நேரம் இருந்தது? மருந்து வந்தது, ஆள் எழுந்து வேலைக்குப் போனார். மூன்றாம் செட் மாதிரி நானும் ஒரு செட் ஆகிவிட்டேன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த ஒடிசாக்காரரின் மகள் மினிக்கு ஒருமுறை கண் சிவந்து ஒட்டிக்கொண்டது. ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ வந்திருந்த நேரம். ஆப்பில் காட்டினோம், ஒரு சொட்டு மருந்து வந்தது, ஐந்து நாளில் குழந்தை விளையாடப் போய்விட்டாள். அதுவும் என் பெயரில்தான் ஏறியது.

இரண்டு மாதம் கழித்துத் தீவன மில்லில் மக்காச்சோளம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சக்கைத்தூள் பறந்து வந்து வலது கண்ணில் அடித்தது. தண்ணீர் விட்டுக் கழுவினேன். மறுநாள் சாயங்காலம் கண் சிவந்து உறுத்தியது. வெளியே முட்டை லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பண்ணை போனை எடுத்து, ‘கண் சிவப்பு, உறுத்தல்’ என்று எழுதி அனுப்பினேன். படம் அனுப்பச் சொல்லிக் கேட்டது. எடுத்த படத்தில் பாதி என் விரல். அதையே அனுப்பினேன்.

ஒரு டாக்டர் வந்தார். அதாவது ஒரு பெயர் வந்தது. அவர் எழுதியது ஒரே ஒரு கேள்வி: ‘முன்பு வந்த அதே மாதிரிதானா?’

கேள்விக்குக் கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். நான் ‘ஆம்’ என்பதை அழுத்தினேன். மினிக்கும் கண் சிவந்தது, எனக்கும் சிவந்திருக்கிறது, ஆம்தானே? அவர் பழைய சொட்டு மருந்தையே மறுபடி ஐந்து நாளைக்கு எழுதிவிட்டுப் போய்விட்டார். லாரி புறப்படுவதற்குள் எனக்கு வைத்தியம் முடிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் போன் திரையைப் பார்த்துவிட்டுப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று நாள் கண் நன்றாக இருந்தது. சிவப்பு இறங்கியது. அந்த டாக்டரை நாலு பேரிடம் புகழ்ந்துகூடப் பேசினேன். நான்காம் நாள் வலி ஆரம்பித்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணுக்குள் ஆணி இறங்கியது. ஆறாம் நாள் காலையில் கண்ணாடியில் பார்த்தேன். கருவிழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

“ஏனுங்க, இங்க வாங்க, இதென்னமோ வெள்ளையா இருக்குது பாருங்க” என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் பார்த்தார். வாயைத் திறக்காமல் போய் வண்டிச் சாவியை எடுத்து வந்தார். அவர் பேசாமல் சாவியை எடுத்தால் விஷயம் பெரியது என்று எனக்குத் தெரியும்.

சேலத்தில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் கூடத்தில் எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் வாங்கு, பார்வை பார், சொட்டு விடு, உட்கார், மறுபடி டோக்கன். மூன்று மணி நேரம். எனக்கு முன்னால் ஒருவர் தன் செல்போனில் சத்தமாகப் பாட்டு வைத்திருந்தார். அணைக்கச் சொன்னேன். “கண்ணுதானுங்க வலிக்குது உங்களுக்கு, காதுமா?” என்றார். வேறு நாளாக இருந்திருந்தால் அவருக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

உள்ளே ஒரு பெண் டாக்டர். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய கோடு போன்ற வெளிச்சத்தைக் கண்ணில் பாய்ச்சி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“கண்ணுல ஏதாவது பட்டுதாம்மா? இலை, தழை, தூசி?”

“மக்காச்சோளச் சக்கைங்க.”

“அதுக்கப்புறம் என்ன மருந்து போட்டீங்க?”

பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் படித்தார். முகம் மாறிவிட்டது.

“இதை யாரு எழுதிக் கொடுத்தது?”

“போன்லைங்க.”

“போன்ல உங்க கண்ணை யாரு பார்த்தா?”

யாரும் பார்க்கவில்லை.

அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை அப்படியே சொல்கிறேன். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு தோல் இருக்கிறது. அதன் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே போகிறது. சக்கைத்தூள் அதைக் கீறிவிட்டது, தூளில் இருந்த பூஞ்சை கீறலுக்குள் இறங்கிவிட்டது. எனக்கு எழுதிக் கொடுத்த சொட்டில் ஸ்டீராய்டு இருந்தது. அது நோயைக் கொல்லாது, நோயை எதிர்த்துச் சண்டை போடும் நம் உடம்பின் ஆட்களைத் தூங்கவைக்கும். அதனால் சிவப்பு இறங்கும், சுகமாகத் தெரியும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் மேயும். நான் புகழ்ந்த மூன்று நாளும் அது மேய்ந்துகொண்டிருந்தது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் வந்தால் லோடையே திருப்பி அனுப்புகிறவள் நான்.

புண்ணைச் சுரண்டிச் சோதிக்க வேண்டும் என்றார்கள். மரத்துப்போகிற மருந்து விட்டு, சின்னக் கத்தியால் கருவிழியைச் சுரண்டினார்கள். வலிக்கவில்லை. ஆனால் கத்தி வருவது தெரிகிறது. கண்ணை மூட முடியாது, கண்ணுக்குத்தானே கத்தி வருகிறது. கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறது என்றார்கள். அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

“கண்ணு திரும்பக் கிடைக்குமுங்களா?” என்று கேட்டேன்.

“கண்ணைக் காப்பாத்தறதுக்கு முதல்ல பாக்கலாம். பார்வையைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார் டாக்டர். கண் வேறு பார்வை வேறு என்று அன்றுதான் தெரிந்தது. எனக்குப் பயம் வந்தது. மரணத்துக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. புண் ஓட்டை போட்டுவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார், தாளில் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் நர்சம்மா வேறு பேனா கொடுத்தார்.

பூஞ்சைக்கான சொட்டை மணிக்கொரு தரம் விட வேண்டும், ராத்திரியும் பகலும். நர்ஸ்கள் வார்டு முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள், கூட ஆள் இருந்தால் நல்லது என்றார்கள். வீட்டுக்காரர் பண்ணையைப் பார்க்க வேண்டும். என் மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். இரண்டாம் நாள் காலையில் ஒரு கூடையோடு வந்து நின்றது என் கொழுந்தனார் மனைவி தங்கமணி.

எனக்கும் தங்கமணிக்கும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கிணற்றுப் பாதைத் தகராறு. யார் பக்கம் நியாயம் என்று இங்கே எழுதினால் இன்னொரு சண்டை வரும். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நர்சிடம் போய், “எத்தனை மணிக்கு ஒருக்கா உடோணுங்க? எப்புடி உடறதுன்னு ஒருவாட்டி காட்டுங்க” என்றாள். போனில் மணிக்கு ஒரு அலாரம் வைத்தாள். அலாரம் அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் இமையை விரலால் விலக்கி ஒரு சொட்டு. பேச்சு கிடையாது. ஒன்பது நாள். கொண்டுவந்த ரசத்தைக்கூட டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள்.

ஏழாம் நாள் விடிகிற நேரம், நான் அழுதுகொண்டிருந்தேன். சத்தமில்லாமல்தான் அழுதேன். அலாரம் அடித்தது, வந்து பார்த்தாள்.

“அழுதா மருந்து ஓடிப்போயிரும். அழுவறதுன்னா மருந்து உட்டுப் பத்து நிமிசம் கழிச்சு அழுவு” என்றாள்.

நான்கு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் சொட்டு விட்டாள். பத்து நிமிடம் கழித்து எனக்கு அழத் தோன்றவில்லை.

கண் தப்பித்தது. எடுக்க வேண்டி வரவில்லை. புண் ஆறியது. ஆறின இடத்தில் நடுக் கருவிழியில் வெள்ளைத் தழும்பு. எங்கள் பக்கம் அதைக் கண்ணில் பூ விழுந்தது என்பார்கள். என்ன பூவோ! வலது கண்ணால் வெளிச்சம் தெரியும், முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் ஆடுவது தெரியும், அது யார் கை என்று தெரியாது. ஒரு வருடம் போகட்டும், இறந்தவர்கள் தானம் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்துப் பார்க்கலாம், பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். பில்லை வீட்டுக்காரர் கட்டினார். என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுப் பழக்கப்பட்டவள் நான், அதை மட்டும் விட்டுவிட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம், “போன்ல வைத்தியம் பாக்கறதையே தடை பண்ணோணுங்க” என்றேன்.

“போன்ல பாக்கறது தப்பில்லம்மா. சட்டமே அனுமதிக்குது. நானே மலைக்கிராமத்துல இருக்கற என் பேஷண்டுகளை வீடியோல பாக்கறேன். எப்படிப் பாக்கணும்னு விதி இருக்கு. உங்களுக்கு அந்த விதிப்படி பாத்தாங்களான்னு கேளுங்க.”

கேட்டேன். நாமக்கல்லில் சுகந்தி என்று ஒரு வக்கீல், எங்களுக்கு வேண்டியவர். கொரோனா காலத்தில் வந்த அந்த விதிகளைப் பிரதி எடுத்துக் கொடுத்து, தமிழில் விளக்கினார். ஒற்றைக் கண்ணால் முழுக்கப் படித்தேன். பதிவு பெற்ற டாக்டர் நாட்டின் எந்த மூலையில் இருக்கிறவருக்கும் போனில் வைத்தியம் பார்க்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் முகவரி தெரியாத ஆளாக இருக்கக் கூடாது. டாக்டர் தான் யார் என்று சொல்ல வேண்டும், சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், நோயாளியின் பெயரையும் வயதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். சில மருந்துகளை எப்படிப் பேசினாலும் எழுதலாம், சிலவற்றை வீடியோவில் ஆளைப் பார்த்த பிறகுதான், சிலவற்றை எப்போதுமே போனில் எழுதக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: போனில் பார்த்தது போதவில்லை என்றால் நோயாளியை நேரில் போய்க் காட்டச் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை.

என் சீட்டில் பதிவு எண்ணே இல்லை. அந்த டாக்டர் எந்த மாநிலத்தில் பதிந்தவர் என்று தெரியாமல் எந்த மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுப்பது? ஆப் கம்பெனிக்கு எழுதினோம். இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு பதில் வந்தது. ‘நாங்கள் மருத்துவரையும் நோயாளியையும் இணைக்கும் மேடை மட்டுமே.’ கல்யாணத் தரகர்கூடப் பெண் மாப்பிள்ளை பெயரை விசாரிப்பார். எந்த டாக்டர் உண்மையான டாக்டர் என்று பார்த்துச் சேர்க்க வேண்டியது மேடையின் வேலை என்று அதே விதியில் எழுதியிருக்கிறது என்று சுகந்தி பதில் போட்ட பிறகு அந்த டாக்டரின் பதிவு எண் வந்தது. நம் மாநிலத்தில்தான் பதிந்திருந்தார். கூடவே என் பெயரில் இருந்த மருத்துவக் கோப்பையும் அனுப்பியிருந்தார்கள்.

சுகந்தி அந்தக் கோப்பைப் படித்துக்கொண்டே வந்தவர், நிறுத்திவிட்டார்.

“அக்கா, உங்களுக்கு ப்ராஸ்டேட் மாத்திரை எழுதியிருக்காங்க.”

ஆம்பளைகளுக்கு மட்டும் உடம்பில் இருக்கிற சுரப்பி அது. மாமனாருக்கு வாங்கியது. ஈஸ்வரி, பெண், நாற்பத்தைந்து என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கிறது, கீழே அந்த மாத்திரை. எந்த டாக்டரும் கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை. நான் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் சுகந்தி மெதுவாகச் சொன்னார்:

“அக்கா, இது ரெண்டு பக்கமும் வெட்டும். மினி விஷயத்தைச் சொல்லிடாதீங்க. அந்தப் பழைய கண் சிவப்பு உங்களுதுன்னே இருக்கட்டும். இல்லேன்னா, பொய்ப் பேர்ல வைத்தியம் பாத்தது நீங்கதான்னு திருப்பிடுவாங்க.”

அன்று முழுக்க யோசித்தேன். பழைய சிவப்பு என்னுடையது என்றால், ஒரே ஆளுக்கு ஒரே நோய்க்கு ஒரே மருந்து எழுதினேன் என்று டாக்டர் தப்பித்துக்கொள்வார். அது மினியுடையது என்றால் நானும் தப்பு, அவரும் தப்பு. நான் மாட்டிக்கொண்டால்தான் அவர் மாட்டுவார். அப்படியே ஆகட்டும் என்று முடிவு செய்தேன்.

மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தோம். விசாரணையை வீடியோவில் வைத்தார்கள். டாக்டர் தரப்பு கேட்டுக்கொண்டதாம். சுகந்தியின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், வீட்டுக்காரரும் தங்கமணியும் பின்னால் நின்றார்கள். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். குழுவில் மூன்று டாக்டர்கள், தலைவர் வயதானவர். ஒரு மூலையில் என் டாக்டர். முதன்முதலாக முகம் பார்த்தேன். முப்பதைத் தாண்டியிருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்துக் களைத்திருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்கள் வந்து என் கண்ணை வாங்கிக்கொள்ளட்டும்.

அவருடைய வக்கீல் கேட்டார்: “முன்னாடி வந்த மாதிரிதானான்னு டாக்டர் தெளிவா கேட்டிருக்கார். ஆம்னு அழுத்தினது நீங்கதானே?”

“நான்தானுங்க.”

“முன்னாடி வந்தது உங்களுக்கா?”

சுகந்தி என் முழங்கையைத் தொட்டார். நான் கையை நகர்த்திக்கொண்டேன்.

“இல்லைங்க. எங்க பண்ணைல வேலை செய்யற குடும்பத்துப் புள்ளைக்கு. ஏழு வயசு. நாங்க எல்லாரும் ஒரே பேர்லதான் காட்டுவோம். அது தப்புத்தானுங்க, ஒத்துக்கறேன். ஆனா ஏழு வயசுப் புள்ளைக்கும் நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளைக்கும் எங்க மாமனாருக்கும் ஒரே பேரு ஒரே வயசுன்னு உங்க டாக்டருங்க வரிசையா மருந்து எழுதியிருக்காங்களே. பேரு வயசு கேக்கோணும்னு விதி இருக்குதுங்களா இல்லீங்களா? கண்ணுல ஏதாச்சும் பட்டுதான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சக்கைன்னு சொல்லியிருப்பேன். கேக்கலீங்களே.”

திரையின் மூலையில் டாக்டர் குனிந்துகொண்டார். தலைவர் எதையோ எழுதினார். பிறகு சேதம் எவ்வளவு என்று குழு பதிய வேண்டும், கண்ணைக் காட்டுங்கள் என்றார். நான் கேமராவுக்குப் பக்கத்தில் போனேன். இன்னும் பக்கத்தில் என்றார். மூக்கு இடித்தது. தங்கமணி டார்ச் அடித்தாள். இமையை நானே விரலால் விலக்கிப் பிடித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூன்று டாக்டர்களும் தங்கள் திரையை நோக்கிக் குனிந்து எட்டிப் பார்ப்பது இடது கண்ணுக்குத் தெரிந்தது.

தலைவர் தலையை ஆட்டினார்.

“இல்லம்மா, இதுல சரியாத் தெரியல. இப்படிப் பாத்து நாங்க எதுவும் முடிவு பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. நீங்க ஒரு நாள் நேர்ல வந்துடுங்க.”

தங்கமணி டார்ச்சை அணைத்தாள். நான் இமையை விட்டேன். அந்த மூலைக் கட்டத்தில் குனிந்திருந்த தலை நிமிரவே இல்லை.

“வாரேனுங்க, கட்டாயம் வாரேன்” என்றேன். “ஆனா இப்பச் சொன்னீங்களே, இப்படிப் பாத்து முடிவு பண்ணக் கூடாது, நேர்ல வாங்கன்னு, அதைக் கொஞ்சம் எழுத்துல குடுத்துருங்க. என் புகாரே அவ்வளவுதானுங்க.”